ஏழு குறைகள்

வெள்ளைத் தோல் ஏழு குறைகளை மறைக்கும் என்பது
எங்கள் பக்கத்துச் சொலவடை.
சிகுசாவின் அம்மா அதை நாள் தவறாமல் சொல்வாள்.
"ஏழும் தெரியட்டுமே" என்றாள் சிகுசா, ஒரு நாள்.
எங்களுக்குப் பதினாறு வயது.

ஷிபுயா ரயில் நிலையத்தின் காசுப் பெட்டகத்துக்குள்
புத்தகப் பை போகும்,
வேறு கால்கள் வெளியே வரும்.
யானைத் தோல்போல் மடிந்து மடிந்து
கணுக்காலில் குவியும் வெள்ளைக் காலுறை.
நழுவாமலிருக்க அதற்கென்றே ஒரு பசை விற்றார்கள்.
இரவில் உரித்தால் கெண்டைக்கால் முடியும்
கூடவே வந்துவிடும்.
சீருடைப் பாவாடையை இடுப்பில் மூன்று சுற்று சுருட்டினால்
நீ கோகியாரு.
நான் அதோடு நின்றுவிட்டேன்.

அவள் நிற்கவில்லை.
முதலில் தேநீர் நிறம், பிறகு சோயா சாறு.
குழல்விளக்குகள் எரியும் சவப்பெட்டிக்குள்
பகுதிநேர வேலைச் சம்பளம் கொடுத்துப் படுத்து எழுந்து
கான்குரோ ஆனாள்.
கருத்த முகம் என்று அர்த்தம் சொன்னார்கள்,
மறைபொருள் தேட வேண்டியதில்லை.
தலையில் வைக்கோல், உதட்டில் சுண்ணாம்பு,
காலில் செங்கல் உயர அடித்தட்டு.
மின்படிக்கட்டில் ஒருமுறை உருண்டு விழுந்தாள்.
முழங்காலில் ரத்தம்.
எழுந்ததும் ஒட்டு இமையைத்தான் தொட்டுப் பார்த்தாள்.

கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் வந்தபோது
ஊர் வேறு பெயர் வைத்தது: யமான்பா.
வழிதவறிய பயணிகளைத் தின்னும் மலைக்கிழவி.
"நல்ல பெயர்" என்றாள். "இனி எவனும் வழி கேட்கமாட்டான்."
உண்மைதான்.
எங்களைப் பின்தொடர்ந்த கோட்டுக்காரர்கள்
அதற்குப் பிறகு
என் பின்னால் மட்டும் வந்தார்கள்.

நள்ளிரவில் என் பேஜரில் எண்கள் விழும்.
3341.
எங்கள் மொழியில் உரக்கப் படித்தால்
தனியாக இருக்கிறது என்று கேட்கும்.
அத்தனை பூச்சுக்கும் அடியிலிருந்து
நான்கே இலக்கம்.
இரண்டு முறை பதில் அனுப்பியிருப்பேன்.
மற்ற நாட்களில், மறுநாள் காலை,
"பரீட்சை" என்பேன்.

ஏதோ ஒரு கோடையில் கருப்பு போயிற்று.
கன்னத்தில் ஒட்டிய நட்சத்திரங்களோடு
மான்பா என்று ஒருமுறை திரும்பி வந்தது, அதுவும் போயிற்று.
ஹிமே கியாருகள் வந்தார்கள், இளவரசிகள்,
கோபுரக் கொண்டையில் ரோஜாவும்
அரிசிமாவு முகமுமாக.
(அம்மாக்கள் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். இல்லை,
அப்போது அவர்களுக்குக் கொண்டை பிடிக்கவில்லை.)
சிறுத்தைப் புள்ளித் துணியில் குழந்தையைக் கட்டிக்கொண்டு
கியாரு அம்மாக்களும் வந்தார்கள்.
இதழ்கள் நின்றன, கடைகள் கதவை இழுத்தன,
இப்போது மறுபடி திறக்கின்றனவாம்.
இதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.
செவிலியர் பள்ளி, இரவுப் பணி,
ஒரு திருமணம், ஒரு மணமுறிவு.

ஓமியாவில், தோல் மருத்துவமனை, செவ்வாய்க்கிழமை.
லேசர் படுக்கையில் ஒரு பெண்.
கோப்பில் தெரியாத குடும்பப்பெயர்.
நெற்றி, கன்னம், கழுத்தெலும்பு வரை பழுப்புப் புள்ளிகள்,
யாரோ பேனா உதறியதுபோல்.
கண்ணைச் சுற்றி மட்டும் ஒன்றுமில்லை.
அங்கேதான்
குழல்விளக்குப் பெட்டிக்குள் காப்புக் கண்ணாடி வைத்திருந்தாள்.

டாக்டர் மிகாஜிரிக்கு முப்பது வயதுகூட இருக்காது.
"வெயிலில் வேலையா? விவசாயமா?"
"ஆமாம்."
"எந்தப் பக்கம்?"
"ஷிபுயா."
அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

என் வாயை முகக்கவசம் மூடியிருந்தது, நல்லவேளை.
அவள் கண்களுக்கு மூடி வைத்தேன்.
புள்ளிகளை எண்ண ஆரம்பித்து
ஏழைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.
படுக்கை விளிம்பில் தொங்கிய கையில்
விரலால் தட்டினேன்.
மூன்று. மூன்று. நான்கு. ஒன்று.

இயந்திரம் சூடேறும் சத்தம் மட்டும் இருந்தது கொஞ்ச நேரம்.
பிறகு, கண்மூடியைக் கழற்றாமலே,
"பரீட்சை முடிந்ததா?" என்றாள்.